ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டர்

எங்கள் முதியோர் இல்லத்தில் யாருக்கும் சிரங்கு கிடையாது. நாலு மாதமாக நாற்பது பேரும் சொறிந்துகொண்டிருந்தோம், ஆனால் சிரங்கு கிடையாது. முதலில் அது தோல் வறட்சி. பிறகு சோப்பை மாற்றியதால் வந்த அரிப்பு. அதற்கும் பிறகு, வயதானால் அப்படித்தான். மூன்றையும் சொன்னவர் மேனேஜர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தம். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் முதலில் வரும். சட்டைப் பையில் கைக்குத் தடவுகிற மருந்து பாட்டில் எப்போதும் இருக்கும். நம்மோடு கைகுலுக்குவார், சிரிப்பு மாறாது, நாம் இரண்டடி நகர்வதற்குள் பாட்டிலை அமுக்குகிற சத்தம் கேட்கும்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். நாற்பது வருஷம் தண்ணீர்க் குழாய் வேலை. தெருவுக்கு அடியில் ஓடுகிற பைப்பில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். என்ஜினீயர்கள் வரைபடத்தை விரித்துக்கொண்டு, தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே தோண்டச் சொல்வார்கள். தேங்குகிற இடம் பள்ளம், அவ்வளவுதான். பைப் உடைந்தது மேட்டில் எங்கேயோ இருக்கும். சொன்னால் கேட்க மாட்டார்கள். படித்தவர்கள் ஆயிற்றே, மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் சொன்ன இடத்துக்கு வந்து, அதைத் தாங்களே கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரி மாடியில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் மகன் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டபோது, கீழே ஆண்கள், மாடியில் பெண்கள் என்று சுத்தம் சொன்னார். ஐம்பத்தொரு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் என்றேன். விதி என்றார். யார் போட்ட விதி என்றேன். அதற்குப் பாட்டில் சத்தம்தான் வந்தது. தினமும் மாலை நாலிலிருந்து ஐந்து வரை மாடி ஹாலில் அவளைப் பார்க்கலாம் என்று பெரிய மனசு பண்ணி அனுமதித்தார்.

அவளுக்கு ஞாபகம் போய்விட்டது. மொத்தமாகப் போகவில்லை, வந்து வந்து போகும். சில நாள் என்னைப் பார்த்து "என்னங்க" என்பாள். அன்றைக்கு நான் புருஷன். மற்ற நாட்களில் "ஏம்ப்பா" என்பாள். அன்றைக்கு நான் குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள். படிக்கட்டு ஏறி முடிக்கும்வரை எது என்று தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் கட்டாயம் ஏம்ப்பாதான். ஒருமுறை காய்ச்சலில் நாலு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, திருடன் வந்திருக்கிறான் என்று நர்ஸைக் கூப்பிட்டாள். திருடனிலிருந்து ரிப்பேர்காரனாக உயர எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. புருஷன் ஆக இன்னும் இரண்டு வாரம். அதற்குப் பிறகு நான் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

இனி அந்த ஸ்வெட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். யார் எத்தனை மணிக்கு என்று ஹாலில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். பேசுகிறவர்களுக்கு எல்லாம் சுத்தம் ஒரு மெரூன் நிற ஸ்வெட்டர் வைத்திருந்தார். முன்பக்கம் பொத்தான் வைத்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும், நல்ல கம்பளி. ஒருவர் பேசி முடித்ததும் கழற்றி, அந்தச் சூட்டோடு அடுத்தவருக்கு மாட்டிவிடுவார்கள். உள்ளே பனியன் கிழிந்திருக்கும், இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. எங்கேயோ இருக்கிற மகன், அப்பா ஜம்மென்று இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். துவைத்தால் சுருங்கிவிடும் என்று அந்த ஸ்வெட்டரைத் துவைப்பதே இல்லை. வாரம் முழுவதும் சுத்தத்தின் அலமாரியில் வாசனை உருண்டை போட்டுத் தூங்கும்.

நான் அதைப் போட்டதில்லை. முதல் ஞாயிறே மாட்ட வந்தார்கள். என் சட்டை எனக்குப் போதும், பேசுவது நான்தானே, ஸ்வெட்டர் இல்லையே என்றேன். அன்றிலிருந்து சுத்தத்துக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது, அந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

முதலில் சொறிய ஆரம்பித்தவர் என் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆட்டிப் படைத்தவர், இப்போது இடுப்பைச் சொறிந்துகொண்டு இலக்கணம் பேசுவார். அடுத்தது பேங்கில் வேலை பார்த்தவர் ஒருவர். பிறகு மாடியில் இரண்டு பேர், மறுபடி கீழே மூன்று பேர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற டாக்டரிடம் காட்டினார்கள். அவரை நாங்கள் வாசப்படி டாக்டர் என்போம், அறைக்குள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. நிலையில் சாய்ந்து எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு, பதில் வருவதற்குள் போய்விடுவார். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் மாத்திரை எழுதினார். தின்றால் தூக்கம் வரும். தூங்குகிறவன் சொறிந்தால் அவனுக்கே தெரியாது, அதற்குப் பெயர் குணம்.

குணமாகவில்லை. யார் மேலாவது பழியைப் போட வேண்டும். சுத்தம் அதிகம் தேடவில்லை. தரை துடைக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வாளியம்மா என்போம், கையில் வாளி இல்லாமல் அவளைப் பார்த்தவர் இல்லை. எட்டு வீட்டுக்கு ஒரு குழாய் இருக்கிற லைனில் அவள் குடியிருப்பதாக சுத்தத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது போதும். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, தொடாமலே பார்த்து, நிலைமை சரியாகும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவள் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. பேங்க்காரர் கை தட்டினார். தட்டி முடித்ததும் அதே கையால் அக்குளைச் சொறிந்தார்.

அவள் போனபின் அரிப்பு குறையவில்லை, கூடியது. அவள் விட்டுவிட்டுப் போனது என்றார் சுத்தம்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த அபார யோசனை வந்தது. கூடத்து வாசலில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டினார். இன்றைய பாதிப்பு என்று எழுதி, பக்கத்தில் எண். யார் சொறிவது கண்ணில் பட்டாலும் அவர் பின் அறைக்குப் போக வேண்டும். சமையலறைக்குப் பின்னால், முன்பு துணி காயப்போட்ட அறை அது. ஒரு ஜன்னல், இரண்டு கட்டில், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். உள்ளே போனவருக்குப் போன் இல்லை, பார்க்க வருகிறவர்கள் இல்லை, மாடி இல்லை.

முதல் நாள் பலகையில் ஒன்பது இருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு ஆயிற்று. அறையில் இரண்டே கட்டில்தானே என்று நான் கேட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுத்தம் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பினார். பாராட்டுக் கடிதங்கள் வந்தன, அதைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கே வாசித்துக் காட்டினார். நாங்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து கேட்டோம். அரிப்பு குறையவில்லை, சொறிவதை மறைக்கக் கற்றுக்கொண்டோம். ஹெட்மாஸ்டர் மர ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவார், அரைமணி நேரம் கழித்து ஞானம் பெற்றவர் மாதிரி வருவார். மாடியில் ஒரு அம்மா ஜபம் பண்ணுவதாகச் சொல்லிப் போர்வைக்குள் கையை வைத்துக்கொள்வாளாம். கதவு நிலைகளின் ஓரமெல்லாம் எங்கள் முதுகு பட்டுப் பட்டுப் பாலிஷ் போட்டதுபோல் ஆகிவிட்டது.

எங்கள் என்று சொன்னேன். எனக்கும் வந்துவிட்டது. முதலில் விரல் இடுக்கு, பிறகு மணிக்கட்டு, பிறகு முதுகு. சொன்னால் பின் அறை. பின் அறைக்குப் போனால் நாலு மணி இல்லை. நாலு மணி இல்லாவிட்டால் மாடியில் நான் திருடன். அதனால் மற்ற கோழைகளோடு நானும் ஒரு கோழையாக, முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டுக்கொண்டு படியேறினேன்.

அவள் அந்த நாட்களில் சாந்தமாக இருந்தாள். சொறியவே மாட்டாள். கை மட்டும் மோசம். விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் சிமென்ட் பட்டுக் காய்ந்ததுபோல் சாம்பல் நிறத்தில் தடித்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். நர்ஸிடம் காட்டியபோது, வறட்சி, தடவுங்கள் என்று ஒரு வாசலின் டப்பா கொடுத்தாள். என் வாழ்க்கை முழுக்க அப்படிப்பட்ட கைகளோடு வேலை பார்த்தவன் நான், அதனால் எனக்கும் வித்தியாசமாகப் படவில்லை. தினம் ஒரு மணி நேரம் அந்தக் கையைப் பிடித்துத் தடவிவிடுவேன். புருஷனாக இருந்தாலும் ரிப்பேர்காரனாக இருந்தாலும் அதற்கு மட்டும் தடை சொல்ல மாட்டாள்.

காரியம் கெட்டது ஹெட்மாஸ்டரால். ஒரு ஞாயிறு மகளோடு பேசிக்கொண்டிருந்தவர் அடக்க முடியாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் காலை ஸ்வெட்டர் கழுத்துக்குள் விட்டுச் சொறிந்துவிட்டார். மகள் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் திங்கட்கிழமையே தோல் டாக்டர் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். வாசப்படியில் நிற்கவில்லை, நேராகப் பின் அறைக்குப் போய், அங்கிருந்த இரண்டு பேரையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். நான் தாழ்வாரத்தில் நாற்காலியில் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கிழவன் கண்ணை மூடினால் காதும் மூடிவிடும் என்று இங்கே எல்லோருக்கும் நினைப்பு.

அவள் சுத்தத்திடம் சொன்னது இது: "இது சிரங்குப் பூச்சி. ரெண்டு பேருக்கு மட்டும் மருந்து போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. இங்க இருக்கிற எல்லாருக்கும், வேலை செய்றவங்களுக்கும், அவங்க வீட்டு ஆளுங்களுக்கும் ஒரே நாள்ல போடணும்."

சுத்தம் பார்க்கலாம் என்றார். அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

அவள் விடவில்லை. இவ்வளவு பரவியிருந்தால் எங்கேயோ ஒருத்தர் மேல் பூச்சி ஆயிரக்கணக்கில் இருக்கும், அவருக்கு அரிப்பே இருக்காது, தோல் மட்டும் பொருக்குத் தட்டித் தடித்திருக்கும், பெரும்பாலும் கையில், வறட்சி என்று விட்டிருப்பீர்கள், அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிப் போனாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப் போகிறது? என் விரல் இடுக்கு எரிந்தது.

அவள் போனதும் ஹாலுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் எண் வரும். ஒன்பது மணிக்கு என் வீட்டுக்காரி. எங்கள் மகன் இருக்கிற ஊரில் அப்போதுதான் அவனுக்கு வேலை முடியும், அதனால் எப்போதும் அவள்தான் முதல். ஒன்பது இருபதுக்கு ஹெட்மாஸ்டர். ஒன்பது நாற்பதுக்குப் பேங்க்காரர். பிறகு மாடி, பிறகு கீழே. சொறிய ஆரம்பித்த வரிசை அப்படியே பட்டியலில் இருந்தது. ஸ்வெட்டர்தான் பைப். நான் அதைப் போட்டதே இல்லை, எனக்கும் வந்திருக்கிறது. இத்தனை மாதத்தில் என் தோலில் பட்ட ஒரே தோல் எது? யோசிக்க வேண்டிய கேள்வியா அது?

நாற்பது வருஷம் ஊரெல்லாம் ஒழுகல் கண்டுபிடித்தேன். இது என் வீட்டில் இருந்தது, நான் தினமும் உட்கார்ந்து அதற்கு வாசலின் தடவிக்கொண்டிருந்தேன்.

சொல்ல வேண்டும். சொன்னால் அவளைப் பின் அறையில் போட்டுப் பூட்டுவார்கள். எத்தனை நாளோ, எத்தனை வாரமோ. தெரியாத அறையில் தெரியாத முகங்களுக்கு நடுவில் அவள் கத்துவாள், மஞ்சள் மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பார்கள். வெளியே வரும்போது நான் ரிப்பேர்காரன்கூட இல்லை. இந்த வயதில் மறுபடி திருடனிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் வாரங்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. அதனால் திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய் மாலை அவள் "என்னங்க" என்றாள், அன்றைக்கும் சொல்லவில்லை. புதன்கிழமையும் இல்லை. சுத்தம் பலகையில் இரண்டு என்று எழுதினார், நான் அதைப் பார்த்துக்கொண்டே போய்ச் சாப்பிட்டேன். அந்த மனிதருக்கும் எனக்கும் அந்த மூன்று நாட்களில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், என்னிடம் பாட்டில் இல்லை.

வியாழக்கிழமை காலை வாளியம்மா கேட்டுக்கு வந்தாள். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே கேட். உள்ளே விடவில்லை. கம்பிக்கு வெளியே நின்று, இரண்டு கையையும் முழங்கைவரை காட்டி, திருப்பித் திருப்பிக் காட்டி ஏதோ சொன்னாள். சுத்தம் கம்பிக்கு உள்ளே பத்தடி தள்ளி நின்று தலையை ஆட்டினார். அவள் குடியிருக்கும் லைனில் விஷயம் பரவி, எட்டு வீட்டுக் குழாயில் இப்போது அவளைத் தண்ணீர் பிடிக்க விடவில்லையாம். இதை நர்ஸ் ஏதோ வேடிக்கைச் செய்தி மாதிரி பிறகு சொன்னாள். வாளியம்மாவின் கைகள் சுத்தமாக இருந்தன. அதைக் காட்டவே அவ்வளவு தூரம் வந்திருந்தாள். கடைசியில் அவள் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தாள். நான் முழுக்கைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்ற பேச்சு எனக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன். என் யோக்கியதை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரம்மா வந்தாள். சுத்தம் அவளைப் பலகை முன்னால் நிறுத்தி, இரண்டு என்ற எண்ணைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நேரம் பிடித்தது, அதற்குள் கூடமே பார்க்க ஆரம்பித்துவிட்டது. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

"டாக்டரம்மா, போர்டுல ரெண்டுன்னு இருக்கு. மூணு போடச் சொல்லுங்க."

நான் கழற்றினால் மற்றவர்களும் கழற்றுவார்கள் என்று எனக்குள் ஒரு முட்டாள் நினைப்பு இருந்தது. ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன்.

"சார், நீங்களும் எழுந்திருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே," என்றார் அவர். சொல்லும்போதே அவர் முதுகு நாற்காலிச் சட்டத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பேங்க்காரர் சூப்புக்குள் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்துவிட்டார். முப்பத்தாறு பேர். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இவர்கள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

சுத்தம் முன்னால் வந்தார். "இவருக்கு வயசாயிடுச்சு டாக்டர். என்ன பேசறோம்னு அவருக்கே தெரியாது."

"வயசாயிடுச்சு, அதனாலதான் இங்க இருக்கேன். தெரியாம ஒண்ணும் பேசல," என்றேன். "அந்த மெரூன் ஸ்வெட்டரைக் கொண்டுவரச் சொல்லுங்க. ஹால்ல பட்டியல் இருக்கு, யாருக்குப் பின்னாடி யார் போட்டாங்கன்னு பாருங்க. வாளியம்மா அதை ஒரு நாளும் போட்டதில்ல."

அதற்குமேல் சொல்வது கஷ்டமாக இருந்தது. தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன். "மாடியில என் வீட்டுக்காரி இருக்கா. அவ கையைப் பாருங்க. நீங்க தேடற ஆள் அவதான். மெதுவாப் பேசுங்க, பயந்துடுவா."

டாக்டரம்மா மாடிக்குப் போனாள். கால்மணி நேரம் கழித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். நாலு மாதமாக இந்தக் கையை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டாள். எல்லோரும் பார்த்தோம் என்று நான் சொன்னேன். ஸ்வெட்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டச் சொன்னாள். மறுநாளே இல்லம் முழுக்க மருந்து பூச வேண்டும், இல்லையென்றால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்றாள். சுத்தத்தின் முகத்திலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு இறங்கியது. பழியை யார் மேலாவது ஏற்ற வேண்டுமே.

"எல்லாத்துக்கும் காரணம் இந்த ரெண்டு பேர்," என்று நர்ஸிடம் சொன்னார். "அந்த அறையில இருக்கிறவங்களை வெளிய அனுப்பிட்டு, இவரையும் அந்தம்மாவையும் அங்க போடுங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் வெளிய விடக் கூடாது."

நர்ஸ் தயங்கினாள். "ரெண்டு பேரையும் ஒரே ரூம்லயா சார்? விதி இருக்கே."

"வேற ரூம் எங்க இருக்கு? விதியாம் விதி."

நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். எனக்கு இது வேண்டும் என்று தெரிந்தால் அந்த ஆள் சாப்பாட்டுக் கூடத்தை நடுவில் பிரித்தாவது இன்னொரு அறை கட்டியிருப்பார். இது அநியாயம், மகனிடம் சொல்வேன் என்று இரண்டு சத்தம் போட்டேன். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை எல்லோருக்கும் கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைக் களிம்பு பூசினார்கள். ஒன்றுமே இல்லாத ஹெட்மாஸ்டர் முதுகுக்கு இன்னும் கொஞ்சம் என்று இரண்டாம் முறை வரிசையில் நின்றாராம். படுக்கை விரிப்பு, போர்வை, துணி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் துவைக்க வேண்டும். மலை மாதிரி குவிந்தது, தொட ஆள் இல்லை. சுத்தம் வாளியம்மாவுக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டார். தான் பெரிய மனதோடு அவளை மன்னித்ததாகக் கூடத்தில் அறிவித்தார் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, அந்த நல்ல ஸ்வெட்டர் எங்கே என்பதுதான். எங்கள் மகனும் நர்ஸிடம் கேட்டானாம்.

எங்கள் அறை விரிப்பை மாற்ற வாளியம்மாதான் வந்தாள். அவளுக்கும் கையில் உறை, வீட்டில் எல்லோருக்கும் களிம்பு கொடுத்திருந்தார்கள். பழைய விரிப்பைப் பையில் திணித்துக்கொண்டே பேசினாள்.

"நீங்கதான் சொன்னீங்களாமே."

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "திங்கட்கிழமை," என்றேன்.

"வியாழக்கிழமை நான் கேட்டுல நின்னேன். நீங்க ஜன்னல்ல நின்னீங்க."

"ஆமாம்மா."

அவள் பையின் வாயைத் தேவைக்குமேல் இறுக்கிக் கட்டினாள். வாளியை எடுத்துக்கொண்டு போனாள். இப்போதும் தினமும் வருகிறாள், தரையைச் சுத்தமாகத் துடைக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

வீட்டுக்காரி முதல் நாள் புது அறையைப் பார்த்து மிரண்டாள். கையை இழுத்துக்கொண்டாள், மூலையில் போய் நின்றாள். சுவரோரம் அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"ஏம்ப்பா, இதைப் பார்க்கத்தான் வந்தியா?"

"ஆமாம்மா," என்றேன்.

"நல்ல வேளை. உட்காரு, உட்கார்ந்து பாரு."

உட்கார்ந்தேன். பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை, களிம்பு எல்லாம் நான்தான் அவளுக்குக் கொடுக்கிறேன், நர்ஸ் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். விரல் இடுக்கில் பொருக்கு உதிர்ந்து, அடியில் சிவப்பாகப் புதுத் தோல் தெரிகிறது. இன்னும் ஒரு வாரம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு விதி திரும்ப வந்துவிடும், சுத்தம் இப்போதே பலகையில் பூஜ்யம் எழுதிவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், சத்தம் போட இன்னும் தொண்டை இருக்கிறது.

குழாயில் ஒன்றும் பெரிய கோளாறு இல்லை. உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. பழைய செருப்பு ரப்பரில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும். வெட்டியும் வைத்திருக்கிறேன், சட்டைப் பையில் இருக்கிறது. என் ஆயுளில் ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தவன் இல்லை நான். ஆனால் வேலை முடிந்துவிட்டால், வந்த ஆள் கிளம்ப வேண்டியதுதானே.

இன்று காலையும் கேட்டாள். "ஏம்ப்பா, இன்னுமா ஆகல?"

"சாமான் வரணும்மா. சொல்லி அனுப்பியிருக்கேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நல்ல ஆளை அனுப்பினாங்க," என்றாள்.